பதினேழாம் எண் கதவு

வாக்குமூலம் எழுதும் ஏட்டு என் பெயரைக் கேட்டார். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் என்னை நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தாறு. பஸ் டெப்போவுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். டெப்போவின் உதிரிபாகக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திருட்டுப் பழியில் நேற்று மாலை முதல் ஸ்டேஷனில் இருக்கும் தச்சர் என் கூடப்பிறந்த தம்பி. அதற்காக நான் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. "எனக்கு ஞாபகம் உள்ள வரையில்" என்று எழுத வேண்டாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பழைய நூலகமான இந்தக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் கதவு, ஜன்னல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்த நாங்கள் பதினோரு பேர் சம்பளமில்லாமல் வருகிறோம். எங்கள் தலைவர் ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார். கழற்றுவது தம்பி. எண் போட்டு நோட்டில் எழுதுவது நான். கழற்றிய கதவுகளை வாசிப்புக்கூடத்துச் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும் என்பது வாத்தியார் போட்ட சட்டம்.

பத்து நாளுக்கு முன்பு காலை பத்தரை மணிக்குத் தம்பி முன்வாசல் கதவைக் கழற்றினான். செதுக்கு வேலை உள்ள கதவு, பதினேழாவது, கடைசி. கீல் பக்கம் நீளமாக ஒரு விரிசல் இருந்தது. "நிக்க வச்சா பிளந்துடும்க்கா, படுக்க வச்சுடு" என்று சொல்லிவிட்டு அவன் மாடி உத்தரங்களைக் கவனிக்கப் போய்விட்டான். அன்று முதல் அவனுக்குச் சாப்பாடு, டீ எல்லாம் மாடியிலேயே. அதன் பிறகு நானும், அன்று ஒரு நாள் மட்டும் உதவிக்கு வந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் கதவைக் கூடத்துக்குள் தூக்கி வந்து, இரண்டு டெஸ்குகளின் மேல் போர்வை விரித்து, செதுக்கு வேலை கீழே இருக்கும்படி படுக்க வைத்து, தூசி படாமலிருக்க ரெக்ஸின் துணியால் மூடினோம். நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

அன்று மதியம் என் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நோட்டும் பையோடு வந்துவிட்டது. அது என் தப்பு, அழுத்தியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை திரும்பி வந்த பிறகுதான் நடந்தது தெரிந்தது. நேற்று வாத்தியார் எண்ணிப் பார்த்தபோது சுவரில் பதினாறு கதவுகள்தான் இருந்திருக்கின்றன. சட்டம் போட்டவர் சுவரைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. தம்பியிடம் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, சொந்தச் சுமை வண்டி இருக்கிறது. அது போதுமானதாகிவிட்டது. "கழட்டினது நான், வச்சது அக்கா. அக்காவக் கேளுங்க" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டானாம். சந்தேகப்பட்டவர்களிடம் அவன் இரண்டாம் தடவை பேச மாட்டான். எனக்குப் போன் போட்டால் நான் உஷாராகிவிடுவேன் என்று போடவில்லையாம். நேற்றிலிருந்து அவன் சாப்பிடவும் இல்லையாம்.

கதவு எங்கே என்று சப்-இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். முதலில் இதுவரை சொன்னதை எழுதி முடிக்கச் சொன்னேன். இப்போது சொல்கிறேன். பத்து நாளாகத் தன்னார்வலர்கள் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிட்ட மேசை அதுதான். அந்த மேசை எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நேற்று வாத்தியார் புகார் எழுதியது அதன் மேல். தாங்கள் இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதன் மேல்தான்.

அதன் பிறகு ரெக்ஸின் துணி விலக்கப்பட்டது. ஓரத்தில் என் கையெழுத்தில் பதினேழு என்று இருந்தது. வாத்தியார் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். செதுக்கு வேலை கண்ணில் பட்டது. பிறகு, "உன் தம்பிகிட்ட நான் என்னம்மா சொல்றது?" என்றார். "அத ஸ்டேஷனுக்குப் போற வழியில யோசிங்க சார். நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்றேன். போயிருக்கிறார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. விரிசல் விட்ட கதவு என்பதால், காகிதத்தை அதன் மேலிருந்து எடுத்து என் நோட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
நம்பர் அக்கா