கடிதம் இல்லாத முகவரி

அவையை அழகு செய்யும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, அருகமர்ந்து என் பேச்சு எப்போது முடியும் என்று பொறுமையோடு பார்த்திருக்கும் பெரியோர்களே, வலியறிந்து வாஞ்சையோடு வலம்வரும் செவிலித் தாய்மார்களே, கணினி அறையின் கண்மணிகளே, உங்களை வணங்கி நிற்கிறேன்.

ஆவணங்களைக் கணினியின் டேட்டாபேஸ் எனும் தரவுத்தளத்துக்குள் வைப்பதா, வெளியே ஃபோல்டரில் வைப்பதா? இதைப் பேசத்தான் என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுகிறார். விடுங்கள் ஐயா, நானும் இந்தக் கேள்விக்குக் கொட்டாவி விட்டவன்தான்.

நம் ஆவணப் பிரிவில் மூன்றாண்டு வழக்கு இது. ஒரு பக்கம் நான். மறுபக்கம், எதற்கும் பதறாததால் நாம் 'நிதானம்' என்றழைக்கும், என்னோடு பணிபுரியும் தங்கை.

"கண் தானக் கடிதமெல்லாம் தரவுத்தளத்துக்குள்ளயே இருக்கட்டும்ணே" என்பார்.

"அது வீங்கிப் போயிடும்மா. பேரும் தேதியும் உள்ள இருந்தா போதும். கடிதம் ஃபோல்டர்ல கிடக்கட்டும், அது எங்க இருக்குன்னு மட்டும் உள்ள எழுதி வைப்போம்" என்பேன்.

பதவியில் மூத்தவன் நான். என் பேச்சே எடுபட்டது.

ஒரு நாள் காலை, நம் வார்டில் ஒரு தையல்காரப் பெண்மணி கண்மூடினார். இரண்டாண்டுக்கு முன் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்தவர். ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். கணவர் பேருந்து ஓட்டுநர். கண் தானம் என்றதும் திகைத்தார்.

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லையே. அவ கையெழுத்தக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

நியாயம்தானே? கணினியைத் திறந்தோம். பெயர் இருந்தது. தேதி இருந்தது. 'சம்மதம் உண்டு' என்ற சொல் இருந்தது. ஃபோல்டரில் கடிதம் எங்கே என்று சொல்லும் முகவரியும் இருந்தது. அந்த முகவரியில் கடிதம் மட்டும் இல்லை. காகிதத்தைத்தான் ஸ்கேன் செய்ததும் அழித்துவிடுகிறோமே.

முந்தைய வாரம் ஃபோல்டரைப் பெரிய டிஸ்குக்கு மாற்றியவன் நான். நகல் பாதியில் நின்றதைப் பாராமல் பழையதை அழித்தவனும் நான். தரவுத்தளத்துக்கு அது தெரியுமா? தெரியாது. தெரிவிக்க ஃபோல்டருக்கு வாயுண்டா? இல்லை.

நிதானம் என்ன சொன்னார் தெரியுமா?

"யாரு தப்புன்னு அப்புறம் பேசலாம்ணே. பேக்கப் டிஸ்க் எந்த அலமாரியில இருக்கு, அத சொல்லுங்க."

அவர் அந்த அலமாரி இருக்கும் அடுத்த கட்டடத்துக்கு ஓடினார். நான் ஓட்டுநரிடம் போனேன். மறைக்க மனம் வரவில்லை.

"கடிதம் தொலஞ்சதுக்கு நான்தாங்க காரணம். தேடிக்கிட்டிருக்கோம்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "நானும் வண்டி ஓட்டுறவன்தான் சார். ஒரு நொடி அசந்தா என்னாகும்னு தெரியும். போய்த் தேடுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், தோழர்களே.

பதினொன்றாவது டிஸ்கில் கிடைத்தது கடிதம். அதற்குள் நான்கரை மணி நேரம் கரைந்திருந்தது. கையெழுத்துக்குக் கீழே அந்த அம்மா தம் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'வீட்டுக்காரர் பயப்படுவார். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்.'

ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்தார்.

"எங்கிட்ட சொல்ல நாள் பாத்துக்கிட்டே இருந்திருக்கா" என்றார். பேனாவைக் கேட்டு வாங்கிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார். அவர் மனைவியின் கண்களால் இருவர் பார்வை பெற்றார்கள்.

அந்த ஒரு வரி தரவுத்தளத்தின் எந்தக் கட்டத்தில் இருந்தது? பெயர்க் கட்டத்திலா? தேதிக் கட்டத்திலா? கடிதத்தில் மட்டுமே இருந்தது. ஆகவே மறுவாரமே கடிதங்களைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்தோம். பெயரும் கடிதமும் ஒன்றாய்ச் சேரும், ஒன்றாய்ச் சேமிக்கப்படும், ஒன்றாய் மீளும்.

அப்படியானால் நோயாளிகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்களையும் உள்ளே தள்ளலாமா என்கிறீர்களா? நானும் அந்த வேகத்தில்தான் கேட்டேன். நிதானமே தடுத்தார். "அதெல்லாம் மலை மாதிரிண்ணே, வெளியவே இருக்கட்டும். ஆனா கையால யாரும் நகர்த்தக் கூடாது. முகவரியில படம் இருக்கான்னு தினமும் காலையில கம்ப்யூட்டர் நிரலே சரிபாக்கட்டும்."

எது சிறந்தது என்று இப்போதெல்லாம் நான் வாதிடுவதில்லை. இந்த ஆவணத்தைக் கேட்டு யார் வருவார், அவரால் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்றே கேட்கிறேன்.

என் பிழையை நானே சொல்ல மேடை தந்தீர்கள், பொறுமையாய்க் கேட்டீர்கள். நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.