நிலம் என்று குறித்த இடம்

எனக்குக் கோணல் என்றால் ஆகாது. சுவரில் காலண்டர் கொஞ்சம் சாய்ந்து தொங்கினால்கூட, அதை நேராக்காமல் எனக்குச் சோறு இறங்காது. இதற்காகவே என் தங்கை என்னை ஸ்கேல் என்று கேலி செய்வாள். சரியான வாயாடி. நான் கோபித்துக்கொண்டதில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

விசாரணையில் முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆற்றையும் துறைமுகத்தையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது என் வேலை. முதலில் ஆற்றின் மேல் ஒரு கிரிட் வரைய வேண்டும், வலை விரிப்பது மாதிரி. ஆறு வளைகிற இடத்தில் கோடுகளும் கூடவே வளைய வேண்டும். ஆனால் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் மூலை செங்கோணமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எவ்வளவு ஏறும், எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் அதற்கப்புறம் வருகிற கணக்கு. கோடுகளை இழுத்து, தள்ளி, நீவிவிட்டு, சிவப்பே இல்லாத ஒரு ஆற்றைத் திரையில் பார்க்கிறபோது எனக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

முகத்துவாரத்தில் தடுப்புச் சுவர் கட்டலாமா என்று துறைமுகத்தார் கேட்டிருந்தார்கள். அதற்கான கம்ப்யூட்டர் மாடல் செய்யும் வேலை என் கைக்கு வந்தது. ஆற்றின் கடைசி வளைவில் ஒரு ஓடை பிரிகிறது. லாரி ஒன்று போகிற அகலம்தான். அது பிரிகிற இடத்தில் கட்டங்கள் நசுங்கி, நான் தலைகீழாக நின்றும் சிவப்பு போகவில்லை. பொடிப்பொடியாக வெட்டினால் போகும். ஆனால் ஒரு மூலையில் பொடிக் கட்டங்கள் இருந்தாலும் மொத்தக் கணக்கும் அதற்காக நொண்டும். எங்கள் மேனேஜரைக் கேப்டன் என்போம். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷர். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

நான் ஓடையை எடுத்துவிட்டேன். அந்தக் கட்டங்களையெல்லாம் நிலம் என்று குறித்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், சின்ன ஓடைகளைக் கட்டிக்கொண்டு யாரும் அழுவதில்லை. நிலம் என்று குறித்த கட்டத்துக்குள் தண்ணீர் வராது. ஆற்றில் வெள்ளம் மாடி உயரத்துக்கு எழுந்தாலும் வராது. கணக்கு சரசரவென்று ஓடியது. ஆற்றில் அளந்த நீர்மட்டத்தோடும் அழகாகப் பொருந்தியது. "உன் கிரிட்டைக் கண்ணுல ஒத்திக்கலாம்யா" என்றார் கேப்டன். சுவர் வேலை தொடங்கியது.

அந்த ஓடைக் கரையில்தான் என் தங்கை வீடு. அவளும், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மாப்பிள்ளையும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் மறைக்கவில்லை, வேலையின் வரிசைப்படி சொல்லிக்கொண்டு வந்தேன்.

சுவர் பாதி எழும்பியபோது மனசு கேட்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் ஆபீசுக்குப் போய், ஓடையைத் திரும்பச் சேர்த்து, பொறுமையாகப் பொடிக் கட்டங்களாக வெட்டி, பெருமழைக்கு என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன். சுவர் ஆற்றின் வாயைக் குறுக்கியிருந்தது. வெள்ளம் கடலுக்குப் போக முடியாமல் திரும்பி ஓடைக்குள் ஏறியது. தங்கை வீட்டுக் கட்டத்தில் தண்ணீர் கூரையைத் தொட்டது. அந்தக் கணக்கை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சுவரையா இடிப்பார்கள், என்னைத்தான் இடிப்பார்கள். அப்படி ஒரு மழை எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

வந்தது. அன்று மத்தியானம் துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறையில் என் மாடல்தான் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் சுற்றி நின்றார்கள். கேப்டன் என் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, தெருமுனையில பஸ் வந்து நிக்குது, எல்லாரையும் ஏறச் சொல்றாங்க. அத்தையை எப்படித் தூக்கறதுன்னே தெரியல. நீ சொல்லு, போகணுமா?"

"மத்தவங்க என்ன பண்றாங்க?"

"தெருவே என் வாயைப் பாத்துட்டு நிக்குது. உங்க அண்ணன்தானே ஆத்தைப் பாக்கறவரு, அவரைக் கேட்டுச் சொல்லும்மாங்கறாங்க."

திரையில் அவள் தெரு மஞ்சளாக, காய்ந்து கிடந்தது. போ என்று நான் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஒரு வார்த்தைதான். ஓரக்கண்ணால் கேப்டனைப் பார்த்துக்கொண்டேன்.

"இரும்மா. அங்க தண்ணி வராது" என்றேன்.

"அப்பாடா. உன் வாயால கேட்டாத்தான் நிம்மதி" என்று சிரித்தாள். பஸ் காலியாகத் திரும்பியது என்று அதன் டிரைவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அந்தத் தெருவில் இன்று மிஞ்சியிருப்பது மாப்பிள்ளையைப் போல ஷிஃப்டில் இருந்தவர்கள் மட்டும்தான். அவர் என் முகத்தில் விழிப்பதில்லை. அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பல பேர் அழுகிற சத்தமும் கேட்டன. "அத்தையை மேஜை மேல படுக்க வச்சிருக்கோம். பக்கத்து வீட்டுக்காரங்களும் இங்கதான் இருக்காங்க. படகு ஏதாச்சும் அனுப்பச் சொல்லுண்ணா" என்றாள். கேட்டேன். அந்த ஓட்டத்தில் எந்தப் படகும் உள்ளே போகாது என்றார்கள். அது உண்மைதான், ஆற்றின் வேகத்தை என் திரையிலேயே பார்க்க முடிந்தது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அது அவளுக்குக் கேட்டுவிட்டது.

"அழாதண்ணா. தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருப்பியா? உன்மேல தப்பே இல்ல" என்றாள்.

நான் மறுத்து எதுவும் பேசவில்லை. அந்த நேரத்தில் அவள் மனதை நோகடிக்க வேண்டாம் என்று தோன்றியது.