முடியாததை முடியவில்லை என்று சொன்னவருக்கு

இந்த அறையில் இன்று கூடியிருப்போர்: நிரல் எழுதும் பெண்கள் மூவர், பிழை தேடும் கண்ணாடிக்காரர், கணக்காளர், நிறுவனத்தை நடத்தும் எங்கள் தம்பி மகன், நம் வாடிக்கையாளரான மருந்துக்கடைக்காரர், இம்மடலை வாசிக்கும் மூத்த அண்ணன் நான். நடுவில், இன்று பணி ஓய்வு பெறும் என் தங்கை நீங்கள்.

பொறுமையின் பெருமையே! வாக்கின் வலிமையே! குடும்பத்தின் குன்றாப் புகழே! வீட்டில் உங்களை ‘நீ’ என்பேன். இது சபை; ஆகையால் ‘நீங்கள்’.

மென்பொருள் கேட்டு வருவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்பார்கள். நிறுவனம் தொடங்கிய நாள் முதல் நீங்கள், முடியாது என்று முகத்தில் அடிக்காமலும், முடியும் என்று மூடி மறைக்காமலும், வெள்ளிக்கிழமைதோறும் முடிந்த பகுதியை மட்டும் திரையில் ஓட்டிக் காட்டினீர்கள். முடியாத பொத்தான்களைச் சாம்பல் நிறத்தில் விட்டு, ‘இன்னும் இல்லை’ என்று அவற்றின் மேலேயே எழுதிவைத்தீர்கள்.

“இப்பவே திட்டிடுங்க சார். எல்லாம் முடிஞ்சப்புறம் திட்டினா உங்களுக்குத் தொண்டை வலி, எங்களுக்கு முதல்லேர்ந்து வேலை” என்பீர்கள்.

அரைகுறையை அந்நியர் முன் வைப்பது நம் வீட்டு வழக்கமன்று. அந்த மான உணர்வு மிகுந்த நம் வீட்டார் ஒருவர், நீங்கள் விடுப்பில் இருந்த வாரம், ‘இன்னும் இல்லை’ என்பதை அழித்துவிட்டு, சாம்பல் பொத்தான்களுக்கெல்லாம் பச்சை வண்ணம் பூசிவிட்டார். யாரென்பது குடும்ப விஷயம். தம்பி மகன் நிமிர்ந்து உட்காரலாம்.

பச்சையைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், வேலை முழுவதும் முடிந்ததென்று மகிழ்ந்து, புதிய கிளைக்குத் திறப்பு நாளே குறித்துவிட்டார். நம் பெயர் சந்தி சிரிக்கும் நிலை வந்தது.

யாரையும் காட்டிக்கொடுக்காமல் நீங்களே அவர் கடைக்குப் போனீர்கள். “அது வெறும் வண்ணம் சார், உள்ளே ஒண்ணுமில்ல. பில் போடுறது ஓடும். ஸ்டாக் பாக்குறது ஓடாது. பில்லோட திறங்க. மிச்சத்தை வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா தர்றேன்.”

“இதைச் சொல்ல வாய் கூசலையாம்மா?”

“திறப்பு நாள்ல கூட்டத்துக்கு முன்னாடி சொல்லத்தான் சார் கூசும்.”

கடை குறித்த நாளில் திறந்தது, பில்லோடு மட்டும்.

தங்கையே! இனி வெள்ளிக்கிழமைகள் உங்களுடையவை. உடல் நலத்தோடும் உள்ளக் களிப்போடும் நெடுங்காலம் வாழ்க என்று அலுவலகத்தார் அனைவரும் இதில் கையொப்பமிட்டிருக்கிறோம்.

நிறைவாக ஒன்று. அந்த நிகழ்ச்சியோடு மருந்துக்கடைக்காரர் நம்மை விட்டுப் போய்விட்டதாக வெளியில் ஒரு வதந்தி உலவுகிறது. அது பொய். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை யாரைத் திட்டுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.