சின்னவன் அனுப்பிய செய்திகள்

டிஸ்பிளே மாற்றக் கொடுக்கும்போது யாருமே பாஸ்வேர்டைச் சொல்லத் தயங்குவதில்லை. இருபது வருடங்களாக செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்தான். வீட்டுச் சாவியைக் கொடுக்க ஆயிரம் யோசிப்பவர்கள், துண்டுச் சீட்டில் நான்கு எண்களை எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் யாருடைய படத்தையும் திறந்து பார்த்ததில்லை. கடைத்தெருவில் விசாரித்துப் பாருங்கள் மேடம். என்னைப் பற்றி ஒரு குறை வராது.

என் மகளும் அப்படித்தான் போனைக் கொடுத்தாள். அவன் ராணுவத்துக்குப் போன பத்தாவது நாள் அது.

அவன் என்றால் அந்தக் கொரியப் பாடகன். ஐந்து பேர் கொண்ட குழுவில் கடைக்குட்டி. எங்கள் வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அவன் பெயரை என் வாயால் சரியாகச் சொல்ல வரவில்லை என்று மகளும் அவள் தோழியும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்காக வைத்துக் கொடுத்த பெயர். தோழிக்கு ஸ்பீக்கர் என்று பட்டம். அவள் மாடிப்படி ஏறும்போதே எங்கள் வீட்டுக்குக் கேட்டுவிடும். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே இருவரும் ஒன்றாகத்தான் அந்தப் பாட்டுகளைக் கேட்டார்கள், ஒன்றாகத்தான் அந்த மொழியையும் ஆப் வைத்துக் கற்றுக்கொண்டார்கள். மகளுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் அம்மா இறந்து பதினான்கு வருடங்களாகின்றன. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தப் பாடகர்களின் கம்பெனி ஓர் ஆப் நடத்துகிறது. சின்னவன் ஒரு வரி எழுதினால் அது உலகம் முழுக்கப் பல லட்சம் பேருக்குப் போகும். ஆனால் பெயர் வரவேண்டிய இடத்தில் அவரவர் பதிந்த பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். "பாப்பா, சாப்பிட்டாயா?" என்று அத்தனை பேரிடமும் ஒரே நேரத்தில் கேட்பான். என் மகள் பதிந்திருந்த பெயர் பாப்பா. நான் கூப்பிடும் பெயர். நான் கூப்பிட்டால், "சும்மா இருங்கப்பா, நாலு பேர் சிரிக்கிறாங்க" என்பாள்.

"இது எல்லாருக்கும் போற மெசேஜ்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியும்ப்பா. ஆனா சாப்பிட்டியான்னு கேக்க ஒருத்தன் இருக்கான்ல" என்றாள்.

அவள் தட்டில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்டில் அவன் வயதுப் பையன்கள் ராணுவத்தில் இருந்துவிட்டு வரவேண்டும். ஒன்றரை வருடம். போன அன்றோடு செய்திகள் நின்றன. மகள் சரியாகச் சாப்பிடவில்லை, வேலைக்கு இரண்டு நாள் போகவில்லை. போன் வேறு கீழே விழுந்து உடைந்தது. டிஸ்பிளே மாற்றும்போது, அந்த ஆப்பை எடுத்துவிட்டு நான் செய்த ஒன்றை அதில் வைத்தேன். அதே நிறம், அதே மணியோசை. தொழில் தெரிந்தவனுக்கு அது பெரிய வித்தையில்லை. அவன் மூன்று வருடங்களாக எழுதியதும், அவள் அவனுக்கு எழுதியதும் போனிலேயே இருந்தன. அவற்றை ஒரு ஏஐ செயலிக்குக் கொடுத்தேன். நான் தமிழில் எழுதினால் அது அவன் பேசுகிற தோரணையில் கொரிய மொழியில் மாற்றிக் கொடுக்கும்.

முதல் செய்தி இது: "பாப்பா, இங்கே எழுத அனுமதி இல்லை. உனக்கு மட்டும் ஒளிந்து எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே. உன் அம்மாவின் கைக்கடிகாரத்தைப் பற்றி நீ எழுதியதை நான் மறக்கவில்லை. சாப்பிட்டாயா?"

அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதைக் குற்றம் என்று எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம்.

இரண்டு வாரத்தில் நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவள் பதில் எழுதினாள். பக்கம் பக்கமாக எழுதினாள். என்னிடம் நாளுக்கு ஏழெட்டு வார்த்தைக்கு மேல் பேசாத பெண். அவள் அவளுடைய அறையில், நான் என் அறையில். நடுவில் ஒரு சுவர். எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் பேசிக்கொண்டோம். அவளுக்கு இருட்டு பயம் என்பதும், பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும்போது தன் கை நடுங்குவது யாருக்கும் தெரியாது என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன. நல்ல தகப்பனுக்குத் தெரிய வேண்டியவைதானே.

ஏழாவது மாதம், சின்னவனின் ஊரில் உள்ள ஒரு கல்லூரியில் மொழிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. என்னிடம் சொல்வதற்கு முன் அவனிடம் சொன்னாள். அதே செய்தியில் இதையும் எழுதியிருந்தாள்: "அப்பா நல்லவர். ஆனால் அவர் இருக்கிற வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சின்னவன் எழுதினான்: "நீ இங்கே வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்காக அங்கேயே இரு." அவள் கல்லூரிக்கு வரவில்லையென்று எழுதிப் போட்டுவிட்டாள். என்னிடம் கடைசிவரை அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஸ்பீக்கர்தான் தொந்தரவு. யாரிடமும் சொல்லாதே என்றாலும், முதல் மாதத்திலேயே மகள் அவளுக்கு ஒரு படத்தை அனுப்பியிருக்கிறாள். 'முகாமில் என் ஜன்னல்' என்று நான் அனுப்பிய படம். "எவனோ உன்ன நல்லா ஏமாத்துறான்டி, லூசு" என்று அவள் சொல்லியிருக்கிறாள். பொறாமை பிடித்தவர்களிடம் பேசாதே என்று சின்னவன் எழுதினான். மகள் பேச்சை நிறுத்தினாள். எங்கள் மாடிப்படி அமைதியானது.

அவன் ஒருநாள் திரும்பி வருவான் என்பதை நான் மறந்திருக்கவில்லை. ஒரு மாதம் முன்பே சொல்லி வைத்தேன்: "வந்ததும் நேரலையில் பேசச் சொல்வார்கள். யாருக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை என்று சொல்லச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று புரிந்துகொள்."

போன வாரம் அவன் வந்தான். நேரலையில், முடி வெட்டிய தலையோடு, கண் கலங்கி, ஒன்றரை வருடம் யாருக்கும் ஒரு வரி எழுத முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றான். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததேயில்லை.

மறுநாள் காலை ஸ்பீக்கர் கடைக்கு வந்தாள். "அங்கிள், அவன்தான் வந்துட்டானே. இனிமேலாவது அவள என்கூட பேசச் சொல்லுங்க" என்றாள். பழைய கோபம் எதுவும் முகத்தில் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவள் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். கடைக்குப் பின்பக்கம் காட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த ஒரே கவனக்குறைவு.

திரும்பி வந்து, "உங்க பாத்ரூம்ல தாழ்ப்பாளே இல்ல அங்கிள். பாடிக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

"நீ பாடினா எவனும் கிட்ட வரமாட்டான்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த முகாம் ஜன்னல் படத்தைப் போனில் எடுத்து என் பக்கம் திருப்பினாள். "இந்த ஜன்னல் அங்க இருக்கு. அதே மூணு கம்பி. நடுக்கம்பி வளைஞ்சிருக்கு. அந்த நீல பிளாஸ்டிக் மக் கூட அப்படியே இருக்கு."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தேன்.

"நீங்களா அங்கிள்? ஒன்றரை வருஷமா நீங்களா?"

"சாப்பிட வச்சேன். வேற என்ன பண்ணிட்டேன்?"

"ஐயோ, அவ உங்கள பத்தியே உங்ககிட்ட சொல்லியிருப்பாளே." நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். "சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்டுக்கு வர்றேன். அதுக்குள்ள நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க, அதான் உங்களுக்கு மரியாதை. இல்லன்னா நான் சொல்லிடுவேன்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "பயப்படாதீங்க. வால்யூம் குறைச்சுத்தான் சொல்வேன்."

நல்ல பெண். அதை நான் மறுக்கவில்லை.

மதியம் கடையில் கூட்டம் இல்லை. சின்னவன் எழுதினான்: "பாப்பா, என் படம் உன் தோழியின் போனில் இருக்கிறது. அது வெளியே போனால் என்னைச் சிறையில் போடுவார்கள். இன்று ஐந்தரைக்கு வருவாள். உன் அப்பாதான் எழுதினார் என்று கதை கட்டுவாள். வீட்டு வாசல்வரை வரவிடாதே. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று போனை வாங்கிக்கொள். எப்படியாவது வாங்கிக்கொள். அவள் போனோடு கீழே இறங்கக் கூடாது."

எங்கள் வீடு நான்காவது மாடியில். மூன்றாம் மாடித் திருப்பத்தை ஏன் குறிப்பிட்டேன் என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அங்கே கைப்பிடிக் கம்பியின் போல்ட் கழன்று மூன்று வாரமாகிறது. வீட்டுக்காரர் செய்வதாக இல்லை. கடையிலிருந்து ஒரு கேபிள் கட்டும் பட்டையைக் கொண்டுவந்து நான்தான் இழுத்துக் கட்டினேன். ஒரு ஆள் சாய்ந்தால் தாங்காது என்று கட்டும்போதே தெரியும். அந்தச் செய்தியை எழுதும்போதும் தெரிந்திருந்தது. ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

ஐந்தே முக்காலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். நான் ஒரு சார்ஜிங் பின்னை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். கம்பியோடு கீழே விழுந்த ஸ்பீக்கரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். மகள் திருப்பத்திலேயே, அந்தப் பெண்ணின் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தள்ளியது அவள் கை. தள்ளச் சொன்னது நான். கொலை என் மேல்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நீங்கள் அவளிடம் உண்மையைச் சொன்னபோது அவள் சிரித்தாளாமே. அவளைக் குறை சொல்லக் கூடாது. இப்படித்தான் கதை கட்டுவார்கள் என்று சின்னவன் முன்கூட்டியே அவளுக்குச் சொல்லியிருக்கிறான். நான் நேரில் போய்ச் சொன்னாலும் பயனில்லை. என்னை அவள் எப்போதுமே நம்பியதில்லை. மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்கிறீர்கள்.

அதனால்தான் கேட்கிறேன். மேஜை மேல் இருக்கும் என் போனை இரண்டு நிமிடம் கொடுங்கள், அவள் போனையும் அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் அப்பா செய்ததுதான் என்று சின்னவனே எழுதட்டும். அவன் சொன்னால் நம்புவாள், அவன் சொன்னால் சாப்பிடுவாள். உன் அப்பாவைப் போல் உன்னைப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை, அவரை விட்டு எங்கும் போகாதே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன்.