மூன்று சுற்று முடிச்சு

— இதுக்குப் பேரு பையா? உண்மையைச் சொல்லுட்டி இன்பமணி, கோழி கிண்டுன குப்பைக்கு நாடா கோத்து இடுப்புல சொருகியிருக்கியா?

— சுருக்குப்பைதான் அத்தை. உள்ள ஊசி இருக்கு, மெள்ள எடுங்க. கையில குத்திரும்.

— குத்தட்டும். கட்டுனா போர்டிங்ல வளந்த இன்பமணியத்தான் கட்டுவேன்னு எம் மவன் ஒத்தக்கால்ல நிக்கான். சரி, தாயில்லாப் பிள்ளைன்னு நானும் படியேறி வந்தா, கைவேலை காட்டுன்னதுக்கு வெறுங்கையை விரிக்கியே!

— நான் தச்ச ஒட்டுப்போர்வை கப்பலேறிட்டு அத்தை. மிஸ்ஸியம்மா போன வாரந்தான் சீமைக்கு அனுப்புனாக.

— நல்லாப் போச்சு, சாட்சி கடல் தாண்டிட்டு! மிச்சம் இந்தப் பைதானாக்கும். இதுவும் அந்தத் துணியா?

— ஆமா அத்தை. போர்வைக்கு வெட்டி மிஞ்சுன துண்டு. அதையெல்லாம் ஆம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவோம், கரும்பலகை தொடைக்க.

— அங்கனதான எம் மவன் சீலன் வாத்தியாரு! அவன் தொடைச்சுப் போட்டதையா பொறக்கிட்டு வந்தே? அதான் ஒதறுனா சீமைச்சுண்ணாம்பு கொட்டுது.

— பொறக்கல அத்தை. தானா வந்தது.

— தானா வந்த லெச்சணந்தான் தெரியுதே. தையலைப் பாரு, வரப்புல நண்டு நடந்தாப்புல! இங்கன ரத்தக்கறை வேற. ஒரு முழத் துணிக்கு எத்தனை குத்துட்டி வாங்குனே?

— எனக்கு ஒரு குத்தும் படல அத்தை.

— இது என்ன முடிச்சு? மூணு சுத்து சுத்தி, நடுவுல உருவி… ஏட்டி, இது எங்க உடன்குடியில கருப்பட்டிச் சிப்பம் கட்டுத முடிச்சுல்லா! எங்க வீட்டுல பித்தான் வச்சாக்கூட நான் இப்படித்தான் முடிப்பேன். பாளையங்கோட்டைக்காரி நீ, இதை எங்கன படிச்சே?

— எனக்கு அந்த முடிச்சு வராது அத்தை. மறுகுத்து குத்தி நூலை அடக்கணும்னுதான் எங்க தையல் டீச்சர் சாலோமி அக்கா எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காக.

— வராததைப் போட்டியாக்கும், பெரிய கெட்டிக்காரி! எம் மவன் ஊசியத் தொட்டதில்ல, தெரியுமா? சட்டையில பித்தான் தொங்குனா என் பக்கத்துல வந்து குத்த வச்சு, நான் தைக்கிறதையே பாத்துக்கிட்டு இருப்பான். அப்பேர்ப்பட்ட பிள்ளைக்கு நீயா?

— சாலோமி அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க அத்தை. இது தட்டிப்போனா மிஸ்ஸியம்மா என்னைய ஒரு அஞ்சு பிள்ளைக்கார உபதேசியாருக்கு ரெண்டாந்தாரமாப் பேசி முடிச்சிருவாக. எனக்குப் பயமா இருக்கு.

— முடிக்கட்டுமே! அஞ்சு பிள்ளைக்கும் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டே ஒங் கை திருந்திரும்.

— பையை வச்சா முடிவு பண்ணுதீக?

— பின்ன? கையைப் பாக்கத்தான வந்தேன். வேதத்து மேல ஆணையாச் சொல்லுதேன், இந்தப் பையைத் தச்ச கை எங்க வீட்டுச் சோத்துல படப்படாது! ஞானசௌந்தரி சொன்னா சொன்னதுதான்.

— சரி அத்தை. அப்ப இன்னைக்கு ஒங்க மவன் எங்கன சாப்பிடுவாக? இந்தப் பையைத் தச்சுக் குடுத்தது அவுகல்லா.