கரை ஆள்

இந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை, ஐயா. கோளாறு நாற்காலியில் இல்லை. இருபத்தெட்டு வருடம் வாழைத்தார் சுமந்த கழுத்து. எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, சுமைதூக்குவோர் சங்கத்தில் என்னைக் கரை ஆளாக நிறுத்தினார்கள்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே அக்கரைத் தோட்டங்களுக்கு லாரி போகாது. வெட்டிய தாரைத் தலையில் வைத்து ஆற்றில் இறங்கித்தான் கொண்டுவர வேண்டும். தாரில் சுற்றிய சருகு முகத்தை மூடிவிடும். சுமப்பவனுக்குத் தன் கால்கூடத் தெரியாது. மணல் அள்ளிய பள்ளங்களோ தண்ணீர் வரத்துக்குத் தக்கபடி இடம் மாறும். கரையிலிருந்து பார்த்தால் அங்கே தண்ணீர் கறுத்துத் தெரியும். அதைப் பார்த்து 'இடக்கை, பைய, நேரா வா' என்று குரல் கொடுக்க வேண்டும். எட்டுப் பேர் என் குரலில் நடந்தார்கள். ஒருவன் காலும் சறுக்கியதில்லை.

ஆடி மாதம் வாழை வியாபாரியிடம் கூலி கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தினோம். விட்டுப் போகிறவனுக்கு எங்களிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. கட்சி மாறினால் பச்சோந்தி. குடும்பத்தை விட்டால் ஓடுகாலி. சபையை விட்டவனைப் பின்வாங்கிப்போனவன் என்பார் எங்கள் பாஸ்டர். வேலைநிறுத்தத்தில் சுமக்கப் போனால் கருங்காலி. அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் சுமந்தவரின் வீட்டை, இன்றைக்கும் தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார்.

மூன்றாம் நாள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சுமக்கப் போகிறவனோடு ஒருவரும் பேசக்கூடாது. அவன் கேட்டால் பதிலும் சொல்லக்கூடாது. கொண்டுவந்தவன் நான். எல்லோரும் கைதட்டினார்கள். தாணுமாலையன் மட்டும் தட்டாமல் என்னையே பார்த்தான்.

அவன் சாத்தான்குளத்துக்காரன். பனங்காட்டில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. மாரிக்கண்ணுவைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டான். ஐந்தாம் நாள் வீட்டில் அரிசி இல்லை. அவள் வாய் திறந்து கேட்கவில்லையாம். கேட்காததால்தான் போனான் என்று அவளே சொல்கிறாள்.

காலை ஆறரை மணி இருக்கும். நான் வழக்கமான இடத்தில் நின்றிருந்தேன். பழக்கம்தான். தார் தலையில், தொடையளவு தண்ணீர், நடு ஆற்றில் வந்து நின்றான். காலையில் எனக்கு இருமல் வரும்.

"சிகாமணி அண்ணாச்சி, இருமல் கேட்டுச்சு. பள்ளம் எந்தப் பக்கம்?"

நான் கறுத்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேசமாட்டியளோ? சரிதான், தீர்மானம் போட்ட ஆளுல்லா. இருமியாவது காட்டுங்க. ஒண்ணுன்னா இடது, ரெண்டுன்னா வலது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் இருமலை அடக்கிக்கொண்டேன்.

இருமலுக்காகக் காத்து நின்றான். பிறகு வலது காலை எடுத்து வைத்தான். பள்ளம் வலது பக்கம். மணல் சரிகிற பள்ளம், ஏற ஏற இழுக்கும். தார் மட்டும் மிதந்து வந்தது. எனக்கு நீச்சல் தெரியும், அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கரையில் நின்று ஆளை ஆறு கடத்திவிடுவது என் வேலை. நான் வேலைநிறுத்தத்தில் இருந்தேன். குரல் கொடுத்திருந்தால் நான்தான் கருங்காலி. சங்கத்தில் இப்படித்தான் சொன்னேன். இரண்டு பேர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

இன்னொன்று இருக்கிறது. வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாள் அதே ஆற்றில் இந்தக் கழுத்தோடு நாலு தார் சுமந்தவன் நான். என் வீட்டில் அரிசி இருந்தது. வியாபாரி என்னை மேஸ்திரி ஆக்குகிறேன் என்றார். பாதி ஆற்றில் கால் வைக்கத் தெரியாமல் நின்றபோது, கரையிலிருந்து "இடக்கை அண்ணாச்சி, பைய" என்று ஒரு குரல் வந்தது. குளிக்க வந்த தாணுமாலையன். கரையேறியதும், "வேட்டியக் காய வச்சிட்டு வீட்டுக்குப் போங்க. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்றான்.

சொல்லவும் இல்லை. ஆனால் அவன் பிடிபட்டால், கருங்காலி என்று நாலு பேர் திட்டினால், அப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பானா என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமில்லை. இப்போது நிச்சயம்.

அவனுக்கு நான் ஒரு குரல் கடன்பட்டவன், ஐயா. அது இன்னும் கொடுபடவில்லை.