குரங்கு எடுத்த செருப்பு

– குரங்கு வந்து என் செருப்ப தூக்கினு போச்சா, தென்றலு? ஒத்தக்கால் செருப்ப மட்டும்?

– ஆமா மணியக்கா, சத்தியமா. மதில் மேல ஒக்காந்துனு பாத்துச்சு. கீழ குதிச்சுது. லெஃப்ட எடுத்துனு மலைப்பக்கம் ஓடிடுச்சு.

– ரைட்ட ஏன் வுட்டுச்சாம்?

– அதுக்கு நான் இன்னா பண்றது? அதுக்கு ஒரு கால்ல புண்ணோ இன்னாவோ.

– சரி. போன மாசம் சமையல் ராஜம்மா ஊருக்குக் கெளம்பறப்ப அவங்க செருப்பு காணாம போச்சே, அதுவும் இதே குரங்குதானா?

– இருக்கும்.

– கவுன்சிலிங் ஜோதி மேடம் லீவுல போறப்ப அவங்க ஷூ?

– அது ஷூ போடற குரங்குக்கா. அது வேற.

– அடிப்பாவி! பத்து வயசுல இன்னா வாயிடி உனக்கு! இந்தப் புள்ளைங்க ஹோம்ல இத்தினி பேர் செருப்பு கெடக்குது. ஊருக்குக் கெளம்பறவங்க செருப்பா பாத்து எடுக்கற குரங்க நான் இங்கதான் பாக்கறேன்.

– மேடம்! ஆட்டோவ எவ்ளோ நேரம் நிறுத்தினு இருக்கறது? பௌர்ணமி கூட்டம் மேடம். கொஞ்ச நேரம் போனா ரோட்ட அடைச்சிடுவாங்க, பஸ் ஸ்டாண்டுக்கு ஊரச் சுத்தினுதான் போவணும்.

– வரேன் கோபி. ஒரு செருப்ப காணோம்.

– அண்ணாமலையாரே! இந்த ஊர்ல வெறுங்கால்ல நடந்தா ஒருத்தன் ஏன்னு கேப்பானா? அப்டியே வாங்க மேடம்!

– கோபி அண்ணா, நீங்க போங்க. அக்கா இன்னிக்கு வரல.

– யாருடி வரலன்னு சொன்னது? விடிஞ்சா கீழ்பென்னாத்தூர்ல என் தம்பிக்கு கல்யாணம்.

– அவருதான கட்டிக்கறாரு? நீங்க எதுக்கு?

– நாத்தனார் முடிச்சு நான்தான் போடணும். நான் இல்லன்னா தாலி ரெண்டு முடிச்சோட தொங்கும்.

– ஸ்டாப்ளர் அடிச்சிக்கச் சொல்லுங்க.

– சிரிக்க வெக்காத. நான் கோவமா இருக்கேன்.

– கோவம் வந்தா சுவத்துல செவப்பு மூஞ்சி படத்த தொடணும். தெனம் எங்கள மட்டும் தொடச் சொல்றீங்க?

– இந்தா, தொட்டுட்டேன், மகாராணி. காலையில நீ சிரிக்கிற மூஞ்சிய தொட்டே. நான் பாத்துனுதான் இருந்தேன். பொய்தான அது?

– ஆமா, பொய்தான்.

– சொல்லு கண்ணு. வயித்துல இன்னா பண்ணுது?

– எலி ஓடுது.

– சின்னதா, பெருசா?

– பெருச்சாளி. நீங்க திரும்பி வர மாட்டீங்கன்னு சொல்லினே ஓடுது.

– திங்கக்கெழமை வந்துடுவேன்னு காலண்டர்ல ரெண்டு பேரும் சேந்துதான அடையாளத்துக்கு மாங்கா வரைஞ்சோம்?

– பழைய ஹோம்ல தமிழ்செல்வி அக்காவும் நாளைக்கு வரேன்னுதான் சொன்னாங்க. எங்கம்மா பால் வாங்கினு வரேன்னுதான் போச்சு. வரமாட்டேன்னு சொல்லிட்டு யாருமே போவ மாட்டாங்கக்கா.

– ஆமாடி. அது உண்மதான்.

– அதான் செருப்பு. செருப்பு இல்லன்னா எப்டி போவீங்க?

– ஆக, குரங்கு மாட்டிக்கிச்சு!

– திட்டாதீங்கக்கா.

– வந்த புதுசுல நீ செருப்ப போட்டுக்கினேதான் தூங்குவே. ஞாபகம் இருக்கா? போர்வைக்குள்ள கூட.

– அப்பா குடிச்சிட்டு வந்தா ஓடணும் இல்ல? இருட்டுல செருப்பு தேடினு இருந்தா மாட்டிக்குவேன்.

– இங்கருந்தும் ஓடினவதான நீ! கேட் ஏறிக் குதிச்சு, மலை சுத்தற கூட்டத்துல கலந்துட்டே.

– எப்டிக்கா கண்டுபிடிச்சீங்க என்ன?

– ஊரே வெறுங்கால்ல நடக்குது. நீ ஒருத்திதான் செருப்ப போட்டுனு டப்பு டப்புனு போனே.

– உங்களுக்கு மூச்சு வாங்கினத பாத்துதான் நான் நின்னேன். செத்துடுவீங்கன்னு நெனச்சேன்.

– கொழுப்பு! இந்த ஒடம்ப வெச்சுனு ஓடினதே பெருசு.

– மேடம்! போலீஸ் வந்து வண்டிய எடுக்கச் சொல்றாரு!

– வந்துட்டேன் கோபி! தென்றலு, இந்தா, ரைட்டையும் நீயே வெச்சுக்கோ.

– எதுக்கு?

– ஜோடியா இருக்கட்டும். நான் வெறுங்கால்ல போறேன். திங்கக்கெழமை வந்து உன்கிட்ட வாங்கிக்கறேன். புதுச் செருப்பு, வுட்டுடுவேனா?

– கல்யாண வீட்டுக்கு வெறுங்கால்லயா? பொண்ணு வீட்டுல சிரிப்பாங்கக்கா.

– சிரிக்கட்டும். குரங்கு எடுத்துச்சுன்னு சொல்றேன்.

– ...இருங்க. அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருக்கு, எடுத்துனு வரேன்.

– அரிசி டிரம் வரைக்கும் வந்துச்சா அந்தக் குரங்கு!

– இந்தாங்க, ரெண்டையும் போட்டுக்கோங்க. இத பையில வெச்சுக்கோங்க.

– இது இன்னாடி? உன் செருப்பு. இன்னொண்ணு எங்க?

– அது இங்கதான் இருக்கும். இது உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. நீங்க இல்லாதப்ப பெருச்சாளி ஜாஸ்தியா ஓடிச்சுன்னா நான் மறுபடி கேட் ஏறிடுவேன். ஒத்தச் செருப்ப போட்டுனு எப்டி ஓடறது?